வரிசை எண்ணும் உள்ளே பேசும் குரலும்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் நமது பிரதேசம் முழுவதும் ஒரே பேச்சாகத்தான் இருக்கும். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியோரங்களில் பதாதைகள் எழும். பிள்ளைகளின் படங்கள், பாடசாலையின் பெயர், மாவட்ட நிலை என்பன பெரிய எழுத்தில் இருக்கும். சாதித்த பிள்ளைகளை ஊர் கூடிப் பாராட்டுவது நல்ல வழக்கம். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பதாதைகளைக் கடந்து நடக்கும் ஏனைய பிள்ளைகளின் உள்ளத்திலும் ஒரு பேச்சு நடக்கிறது. "என்னால ஏலாது." "நான் ஒரு மொக்கு." "உம்மா, வாப்பாட காசெல்லாம் என்னால வீணாப் போயிட்டு." இந்தப் பேச்சு வெளியே எவருக்கும் கேட்பதில்லை. பேசுபவளும் கேட்பவளும் ஒருத்தியே என்பதால் மறுத்துப் பேசவும் அங்கு ஆள் இல்லை.

இது வெறும் மனவருத்தத்தோடு முடிகின்ற விடயமல்ல. பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெற்றிருந்தும் "எனக்கெங்க கிடைக்கப் போகுது" என்று விண்ணப்பத்தை நிரப்பாமல் விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். சாதாரண தரத்தில் கணிதத்தில் நல்ல சித்தி பெற்றும், கூட்டாளியின் பெறுபேற்றோடு தன்னுடையதை வைத்துப் பார்த்து, விரும்பிய பிரிவைக் கைவிட்டவர்களையும் கண்டிருக்கிறேன். பரீட்சை மூடாத கதவுகளை அந்த உள்ளக் குரல் மூடிவிடுகிறது. அது எப்படி உருவாகிறது, அது சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைக் கணிதம் கற்பிப்பவள் என்ற வகையில் மாணவிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாம் ஏன் ஒப்பிடுகிறோம்?

மருதமுனைத் தறியில் நெய்த புடவையின் நீளத்தை முழக்கோல் கொண்டு அளக்கலாம். சாய்ந்தமருதுக் கரையில் இறங்கும் மீனைத் தராசில் நிறுக்கலாம். ஆனால் "நான் கெட்டிக்காரியா?" என்ற கேள்வியை எதைக் கொண்டு அளப்பது? அதற்குக் கோலும் இல்லை, தராசும் இல்லை. அதனால் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறோம்.

அமெரிக்க உளவியலாளர் லியோன் பெஸ்டிங்கர் 1954 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இதையே விளக்கினார். தமது திறமையையும் கருத்தையும் மதிப்பிட நேரடியான அளவுகோல் கிடைக்காதபோது மனிதர் மற்றவரோடு தம்மை ஒப்பிடுகின்றனர். அதிலும் தம்மைப் போன்ற நிலையில் இருப்பவரையே தேடி ஒப்பிடுகின்றனர். இதுவே சமூக ஒப்பீட்டுக் கோட்பாடு எனப்படுகிறது.

நமது அனுபவமும் இதுதான். கொழும்பில் முதலிடம் பெற்ற முகம் தெரியாத பிள்ளையின் பெறுபேறு நம்மைச் சுடுவதில்லை. ஒரே வாங்கில் இருந்த கூட்டாளியினதும், ஒரே வளவில் வளர்ந்த மாமி மகளினதும் பெறுபேறுதான் சுடுகிறது.

எனவே ஒப்பிடுவது கெட்ட குணமல்ல. அது மனித இயல்பு. பல வேளைகளில் பயனும் தரும். தோழி வினாத்தாளைச் செய்து முடிக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் நமது வேகம் போதாது என்பதை அறிகிறோம். கேடு அடுத்த படியில் இருக்கிறது.

எண் பெயராக மாறும் இடம்

ஒரு மாணவிக்குத் தவணைப் பரீட்சையில் இரசாயனவியலில் 58 புள்ளி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவளது தோழிக்கு 81. இதுவரை இருப்பவை இரண்டு தகவல்கள் மட்டுமே. அடுத்த கணத்தில் உள்ளக் குரல் பேசுகிறது: "அவள் 81, நான் 58. எனக்கு இரசாயனவியல் வராது. எனக்கு எதுவுமே வராது. நான் மொக்கு."

இங்கு நான்கு வசனங்கள் இருக்கின்றன. முதலாவது உண்மை. இரண்டாவது ஊகம். மூன்றாவது, ஒரு பாடத்தின் ஒரு பரீட்சையை வாழ்வு முழுமைக்கும் நீட்டுகிறது. நான்காவது வசனத்தில் புள்ளியும் இல்லை, பாடமும் இல்லை. அங்கு அவளுக்கு ஒரு பெயர் சூட்டப்பட்டுவிட்டது. இந்த நான்கும் ஒரு மூச்சில் வந்துவிடுவதால் கடைசி வசனமும் முதலாவதைப் போன்ற உண்மையே என்று மனம் ஏற்றுக்கொள்கிறது.

மனச்சோர்வு நோயாளரிடம் இத்தகைய எண்ணங்களை ஆராய்ந்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக். 1960 களில் அவர் கவனித்தது இதுதான்: அழைக்காமலே, மின்னல் வேகத்தில் சில எண்ணங்கள் வருகின்றன, அவை உண்மையா என்று நோயாளர் சோதித்துப் பார்ப்பதில்லை. இவற்றுக்குத் தானியங்கி எண்ணங்கள் என்று பெயரிட்டார். இவ்வெண்ணங்களைப் பிடித்து நிறுத்திச் சான்று கேட்கப் பழக்குவதே அவர் வளர்த்த சிகிச்சை முறையின் அடிப்படை. நோயில்லாத நம் எல்லோரிடமும் இவ்வெண்ணங்கள் வந்து போகின்றன என்பதால் அந்தப் பழக்கம் நமக்கும் உதவும்.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதும் உணர்வை மாற்றிவிடுகிறது. 1992 பார்சலோனா ஒலிம்பிக் போட்டியில் பதக்கம் பெற்றவர்களின் முகங்களை ஒளிப்பதிவில் பார்த்து ஆராய்ந்த உளவியலாளர்கள், 1995 இல் தமது முடிவை வெளியிட்டனர். இரண்டாமிடம் பெற்று வெள்ளி வென்றவர்களைவிட மூன்றாமிடம் பெற்று வெண்கலம் வென்றவர்கள் அதிக மகிழ்ச்சியோடு காணப்பட்டனர். வெள்ளி வென்றவர் கைநழுவிய தங்கத்தை எண்ணினார். வெண்கலம் வென்றவரோ பதக்கமே இல்லாமல் போயிருக்கக்கூடிய நிலையை எண்ணினார் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இசட் புள்ளி எதை அளக்கிறது?

நமது பிள்ளைகளின் உள்ளக் குரலுக்கு அதிக தீனி போடுவது இசட் புள்ளியும் மாவட்ட நிலையும்தான். அவை எப்படிக் கணிக்கப்படுகின்றன என்பதை அறிந்தால் அவற்றுக்குக் கொடுக்கவேண்டிய இடம் எது என்பதும் விளங்கும்.

இசட் புள்ளியின் கணக்கு எளிமையானது. ஒரு பாடத்தில் மாணவி பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரது புள்ளிகளின் இடையைக் கழிக்க வேண்டும். வருவதை நியம விலகலால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு பாடத்தின் இடை 50, நியம விலகல் 15 எனில், 65 புள்ளி பெற்றவளின் இசட் புள்ளி 1. இன்னொரு பாடத்தில் இடை 60, நியம விலகல் 10 எனில், அதே 65 புள்ளி பெற்றவளின் இசட் புள்ளி 0.5. பாடத்துக்குப் பாடம் வினாத்தாளின் கடினம் வேறுபடுவதால், வெவ்வேறு பாடங்களைக் கற்றவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவதற்கு இக்கணக்கு பயன்படுகிறது. அந்த வேலையை அது செய்கிறது.

இப்போது ஒரு கேள்வி. நாடு முழுவதும் ஒரு பாடத்துக்குத் தோற்றிய எல்லா மாணவர்களும் கடுமையாக உழைத்து, ஒவ்வொருவரும் பத்துப் புள்ளி கூடுதலாகப் பெற்றால் அவர்களின் இசட் புள்ளி எவ்வளவு கூடும்? சற்றும் கூடாது. இடையும் பத்தால் உயர்ந்துவிடும். கழித்தால் பழைய விடையே வரும். எல்லோரும் முன்பைவிட அதிகமாகக் கற்றிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கற்றலை இசட் புள்ளி காட்டாது. அது காட்டுவது வரிசையில் ஒருவர் நிற்கும் இடத்தை மட்டுமே.

இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. 2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தில் கற்றோரும் புதிய பாடத்திட்டத்தில் கற்றோரும் தோற்றினர். இரு தரப்பினரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. இதை எதிர்த்து மாணவர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். 2012 ஜூன் மாதம் அந்தக் கணிப்பு செல்லாது என்றும், இரு தரப்பினரையும் தனித்தனிக் குழுக்களாகக் கொள்ள வேண்டும் என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவர் எழுதிய விடைத்தாள் மாறவில்லை. அதற்குக் கிடைத்த புள்ளியும் மாறவில்லை. யாரோடு சேர்த்துக் கணிப்பது என்பது மாறியதும் இசட் புள்ளி மீண்டும் கணிக்கப்பட வேண்டியதாயிற்று.

சுசந்திகா ஜயசிங்கவை நாமெல்லோரும் அறிவோம். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் 200 மீற்றர் ஓட்டத்தை 22.28 செக்கனில் ஓடி முடித்து வெண்கலம் வென்றார். முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பாவித்ததை ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்த பின்னர், சுசந்திகாவுக்கு வெள்ளி உரித்தாயிற்று. மூன்றாமவர் இரண்டாமவரானார். ஆனால் அவர் ஓடிய நேரம் அன்றும் இன்றும் 22.28 செக்கன்தான். அந்த நேரம் அவருடைய உழைப்பு. இடமோ கூட ஓடியவர்களையும் சார்ந்தது.

பல்கலைக்கழக அனுமதியிலும் இப்படியே. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நமது அம்பாறை மாவட்டமும் அந்த 16 இல் ஒன்று. ஆகவே ஒரே இசட் புள்ளி ஒரு மாவட்டத்தில் மருத்துவ பீடத்தின் கதவைத் திறக்கும். இன்னொரு மாவட்டத்தில் திறக்காது. 2022 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெற்றவர்கள் 160,000 பேருக்கும் அதிகம். அரச பல்கலைக்கழகங்களில் இருந்த இடங்களோ அதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. மீதிப் பிள்ளைகள் அறிவில்லாதவர்கள் என்று எந்தத் திணைக்களமும் சொல்லவில்லை. கதிரைகள் குறைவு, அதனால் வரிசை தேவைப்பட்டது.

"குறைந்த இடங்களை யாருக்குக் கொடுப்பது?" என்ற கேள்விக்கான விடையே வரிசை எண். "நான் யார்? என் பெறுமதி என்ன?" என்ற வேறொரு கேள்விக்கு அந்த விடையை எடுத்து எழுதுவதுதான் உள்ளக் குரல் விடும் பிழை. கணிதப் பாடத்தில் ஒரு வினாவின் விடையை இன்னொரு வினாவுக்குக் கீழே எழுதினால் நாம் புள்ளி கொடுப்பதில்லை.

பெரிய பாடசாலைக்கு வந்த சிறிய பிள்ளை

இப்பழக்கம் உயர்தரத்தில் தொடங்குவதில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையிலேயே தொடங்கிவிடுகிறது. 2023 ஆம் ஆண்டு மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் தோற்றிய இப்பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 15 வீதத்தினரே. பத்து வயதில் மீதி 85 வீதமான பிள்ளைகள் "நான் பாஸில்ல" என்ற வசனத்தைக் கற்றுக்கொள்கிறார்கள்.

சித்தியடைந்த பிள்ளைக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. ஊர்ப் பாடசாலையில் எப்போதும் முதலாம் பிள்ளையாக இருந்தவள், பெரிய பாடசாலைக்கு வந்த முதலாம் தவணையில் இருபத்திமூன்றாம் பிள்ளையாகிறாள். அவள் கற்றதில் ஓரெழுத்தும் குறையவில்லை. ஆனாலும் தன்னைப் பற்றிய எண்ணம் சரிந்துவிடுகிறது. அவுஸ்திரேலியாவில் பணியாற்றிய கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் இதை 1980 களிலிருந்து ஆராய்ந்தார். ஒரே அளவு திறமையுள்ள இரு பிள்ளைகளில், திறமையாளர் நிறைந்த பாடசாலையில் இருக்கும் பிள்ளையே தன் கல்வித் திறமையைக் குறைவாக மதிப்பிடுகிறது என்பது அவர் கண்டது. சிறு குளத்தில் பெரிய மீனாக இருப்பதோடு இதை ஒப்பிட்டுப் பெயரிட்டார். மீன் அதேதான். குளம் மாறிவிட்டது. நமது வகுப்புகளில் பின்வாங்கில் அமைதியாகிப்போகும் பல பிள்ளைகளின் கதை இது.

அந்தக் குரல் யாருடையது?

பெற்றோர் இப்பகுதியைச் சற்று நிதானமாக வாசிக்க வேண்டும். 1934 இல் காலமான ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகொட்ஸ்கி, சிறுவரின் உள்ளப் பேச்சு வெளியிலிருந்தே உள்ளே போகிறது என்று விளக்கினார். முதலில் மற்றவர் பிள்ளையோடு பேசுகிறார்கள். பிறகு பிள்ளை சத்தமாகத் தன்னோடு பேசுகிறது. பின்னர் அந்தப் பேச்சு ஓசையின்றி உள்ளே குடிபுகுந்து சிந்தனையாகிறது.

அப்படியானால் பிள்ளையின் உள்ளே ஒலிக்கும் வசனங்களில் பல நமது வீட்டுக் குசினியிலும் முன்வாசலிலும் சொல்லப்பட்டவையாகவே இருக்கும். "ஒன்ட கூட்டாளி ஒன்பது ஏ எடுத்திரிக்காள், ஒனக்கென்ன கொற?" "ராத்தாட மூளைல பாதி ஒனக்கிருந்தாப் போதும்." "மாமிட மகளப் பாரு." இவற்றைச் சொல்லும் உம்மாவிடம் வெறுப்பு இல்லை. வெளிநாட்டில் வெயிலில் நின்று டியூசன் காசு அனுப்பும் வாப்பாவை நினைத்து வரும் பயமே இருக்கிறது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டிய நமதூர் வழக்கத்தின் பாரமும், அடுத்த வீட்டுச் சுவரின் உயரமும் அந்தப் பயத்தோடு சேர்ந்துகொள்கின்றன. பெரியவர்களும் ஒப்பீட்டில் வேகிறார்கள்; அந்தச் சூடு பிள்ளைக்குக் கடத்தப்படுகிறது.

சொல்லை மாற்றுவது பெரிய செலவல்ல. "அவள் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன் "ஒனக்கு எந்தக் கேள்வி கஷ்டமா இருந்திச்சி மகள்?" என்று கேளுங்கள். முதலாவது கேள்வி பிள்ளையை வரிசையில் நிறுத்துகிறது. இரண்டாவது அவளைப் பாடத்திடம் திருப்பி அனுப்புகிறது.

மார்க்கம் காட்டும் வழி

உள்ளத்தோடு நாம் பேசும் மொழியைப் பற்றி உளவியல் பேசுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்கு வழிகாட்டல் வந்துவிட்டது. தம் உள்ளம் கெட்டு இழிந்துவிட்டது என்ற பொருள்படும் சொல்லை எவரும் தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றும், மனம் சோர்ந்திருப்பதைக் குறிக்கும் வேறொரு மென்மையான சொல்லைப் பயன்படுத்துமாறும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததாக ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். சோர்வை மறைக்கச் சொல்லவில்லை. சோர்வு ஒரு நிலை. அது வரும், போகும். அந்த நிலைக்காகத் தன்னையே இழிவான பெயரால் அழைப்பதுதான் தடுக்கப்பட்டது. "இன்று என் மனம் சோர்ந்திருக்கிறது" என்பதற்கும் "நான் உருப்படாதவள்" என்பதற்கும் உள்ள தூரம் அது.

அல்லாஹ் சிலரைவிடச் சிலருக்கு மேலதிகமாகக் கொடுத்தவற்றுக்கு ஏங்க வேண்டாம் என்று சூரா அந்நிஸாவின் 32 ஆவது வசனம் போதிக்கிறது. அதே வசனம், ஆண்களுக்கு அவர்கள் உழைத்ததில் பங்கு உண்டு, பெண்களுக்கும் அவர்கள் உழைத்ததில் பங்கு உண்டு என்று கூறி, அவனது அருளைக் கேட்குமாறு முடிகிறது. அடுத்தவளுக்குக் கிடைத்ததிலிருந்து கண்ணை எடுத்துத் தன் உழைப்பின் மீதும் துஆவின் மீதும் அது வைக்கச் சொல்கிறது.

நடைமுறையில் செய்யக்கூடியவை

முதலாவது, குரல் சொன்ன வசனத்தை அப்படியே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதில் எது புள்ளி, எது ஊகம், எது பெயர் என்று பிரித்துக் கோடிடுங்கள். உள்ளே இடி போல ஒலித்த வசனம் தாளில் இறங்கியதும் சுருங்கிவிடும்.

இரண்டாவது, உங்களை உங்கள் பெயரால் அழைத்துப் பேசுங்கள். ஈதன் குரொஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது சகாக்களும் 2014 இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான வேளையில் "நான்" என்று நினைப்பவர்களைவிடத் தம் பெயரைச் சொல்லித் தம்மோடு பேசியவர்கள் பதற்றத்தை நன்றாகக் கையாண்டதைக் கண்டனர். தங்கச்சி இதே 58 புள்ளியோடு வந்து அழுதால் என்ன சொல்வீர்களோ, அதையே உங்கள் பெயர் சொல்லி உங்களுக்குச் சொல்லுங்கள். தங்கச்சியை நீங்கள் மொக்கு என்று சொல்லமாட்டீர்கள்.

மூன்றாவது, ஒப்பிட வேண்டுமென்றால் உங்கள் பழைய விடைத்தாளோடு ஒப்பிடுங்கள். முதலாம் தவணையில் செய்யமுடியாமல் விட்ட வினாவை இரண்டாம் தவணையில் செய்திருந்தால் அது வளர்ச்சி. அதை எந்த இசட் புள்ளியும் காட்டாது; உங்கள் கொப்பி காட்டும்.

நான்காவது, முன்னே நிற்பவளிடம் "எவ்வளவு?" என்று கேட்பதை விட்டு "எப்படி?" என்று கேளுங்கள். எந்த நேரத்தில் படிக்கிறாள், குறிப்பை எப்படி எழுதுகிறாள், கடந்தகால வினாத்தாள்களை எப்படிச் செய்கிறாள் என்று கேட்டால் ஒப்பீடு பாடமாக மாறும். பொறாமையும் அங்கு நட்பாகும்.

ஐந்தாவது, பெறுபேறு வரும் வாரத்தில் கைபேசியை உம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். வட்ஸ்அப் ஸ்டேடஸில் எல்லோரும் தம் வெற்றியை மட்டுமே போடுவார்கள். அவர்கள் அழுத இரவுகள் அங்கு வருவதில்லை.

இவையெல்லாம் செய்தும் அக்குரல் ஓயாமல், பல நாட்களாக உறக்கமும் சாப்பாடும் குறைந்து, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் அதை மறைக்க வேண்டாம். உம்மாவிடமோ, நம்பிக்கையான ஆசிரியையிடமோ அன்றே சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளிலும் உதவி கிடைக்கும். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பதைப் போன்றதே இதுவும். பெற்றோர் இதைக் குடும்ப மானத்தோடு முடிச்சுப் போடலாகாது.

இவ்வருடமும் பெறுபேறு வரும், பதாதைகள் எழும். அவற்றில் இருக்கும் பிள்ளைகளை மனமார வாழ்த்துவோம். அவர்களும் நம் பிள்ளைகளே. பெயர் வராத பிள்ளையின் வீட்டிலும் அன்றிரவு விளக்கு எரியட்டும். சாப்பாடு வழமைபோலப் பரிமாறப்படட்டும். விண்ணப்பப் பத்திரத்தின் கடைசித் திகதி எது, அடுத்த வழி எது என்று வாப்பாவும் மகளும் சேர்ந்திருந்து பார்க்கட்டும். ஒருத்தியின் ரிஸ்க்கை இன்னொருத்தி எடுத்துவிட முடியாது. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அமைதியையும், நம் நாவுகளுக்கு நல்ல சொற்களையும் தந்தருள்வானாக.